மயங்கி விழ ஒருத்திக்குத்தான் இடம்

ஊருக்குள் ஒரு பேச்சு உலவியது. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் லாண்டரியில் புகை கிளம்பிய அன்று, துணி காயவைக்கும் அறைக்குள் இரண்டு பெண்கள் மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவள், உயிர்தப்பி வெளியே வந்த கையோடு, தலையில் போர்த்தியிருந்த ஈர விரிப்பை நாலாக மடித்து மேசைமேல் வைத்துவிட்டு, "டீ வந்தாச்சா?" என்று கேட்டாளாம். காலடியில் இளையவள் பேச்சுமூச்சில்லாமல் கிடக்கிறாளாம். இளையவள் வேறு யாருமில்லை, இவளுடைய கொழுந்தன் பெண்டாட்டி. ஒரே வீடு, ஒரே அடுப்படி.

சலூனுக்குப் போய்ச் சேர்வதற்குள் இந்தப் பேச்சுக்கு ஒரு சிரிப்பு முளைத்துவிட்டது: மடிக்கும்போது சிரித்தாளாம். தையல்கடையில் கேட்டால், அறைக்கதவைச் சாத்தியதே அவள்தானாம். இன்னும் இரண்டு கடை தாண்டியிருந்தால் தீப்பெட்டியையும் அவள் கையில் கொடுத்திருப்பார்கள். நல்லவேளை, அதற்குள் தெரு முடிந்துவிட்டது.

சிரிப்பையும் கதவையும் நான் பொருட்படுத்தவில்லை. உறுத்தியது மடிப்புதான். ஆஸ்பத்திரி விரிப்பு ஆளைவிட நீளம். நனைந்துவிட்டால் தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிற கனம். அதை ஒற்றை ஆளாக மடிப்பது ஆகாத காரியம். அப்படியானால் மறுமுனையைப் பிடித்தது யார்? ஊரே கதை சொல்கிறது, இந்த ஒரு கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை.

லாண்டரி சூப்பர்வைசரைப் பார்த்துக் கேட்டேன்.

"சின்னவதான் சார் பிடிச்சா."

"மயங்கிக் கிடந்தவங்களா?"

"அப்ப எங்க மயங்கினா? ரெண்டு பேரும் வெளிய வந்தாங்க. ஒரு நிமிஷம் சும்மா நின்னாங்க. அப்புறம் பழக்கம் பாருங்க, விரிப்பை உதறினாங்க, எதிரெதிரா நடந்து வந்து மடிச்சாங்க. மேசைமேல வச்சாங்க. அதுக்கப்புறம்தான் சின்னவளுக்குக் கண்ணு சொருகிச்சு. பெரியவ தாங்கிப் பிடிச்சா."

"டீ கேட்டது?"

"அது நான் கேட்டேன். டீ நேரம் சார்."

"சிரிச்சது?"

"இருமினாங்க."

"இதையெல்லாம் நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?"

"யாரு சார் கேட்டா?" என்றார் அவர், மிகவும் நியாயமாக.

ஆக, இரண்டு பேரும் ஒரே புகையைக் குடித்தார்கள். ஒரே விரிப்புக்கு அடியில் தவழ்ந்து வந்தார்கள். "முனையை விட்டுடாதேடி, விட்டா நீ எங்கயோ நான் எங்கயோ" என்று பெரியவள் வழிநெடுகச் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறாள். வெளியே வந்து இரண்டு பேரும் ஒரே கிறுக்குத்தனத்தைச் செய்தார்கள். ஆனால் மடிப்பு முழுக்கப் பெரியவள் கணக்கில் ஏறியது, மயக்கம் முழுக்கச் சின்னவள் கணக்கில் ஏறியது. லாண்டரியில் பெரியவளுக்கு அன்றே 'கல்லு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. நேரில் 'கல்லக்கா' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

கல்லக்கா நாற்பதைத் தாண்டியவள். அகலமான மணிக்கட்டு, சின்னக் காது, எதையும் எடைபோட்டுப் பார்க்கும் பார்வை. கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து மடிப்பு வரிசையில் நிற்கிறாள். ஓரகத்தியை அந்த வேலைக்குச் சேர்த்துவிட்டதும் அவள்தான். அவளிடம் நான் பேசியதில் முதலில் பிடித்துப்போன விஷயம், பொறாமையை அவள் ஒளித்து வைக்கவில்லை. மற்றவர்கள் பொறாமையை வேறு ஏதாவது துணியில் சுற்றிக் கொடுப்பார்கள், கொள்கை என்பார்கள், நியாயம் என்பார்கள். இவள் பிரித்தே கொடுத்தாள்.

"அவளைப் பாத்தா எனக்கு வயிறு எரியுது சார். ஏன் பொய் சொல்லணும்? என்ன அழகா பயப்படுறா தெரியுமா!"

உண்மைதான். பயப்படுவதிலும் நம்மிடையே ஒரு முறை இருக்கிறது. பயந்தவள் சுவரைப் பார்த்துப் படுக்கவேண்டும். சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைக்கவேண்டும். யாராவது கதவைத் தட்டினால் திடுக்கிடவேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தி முதுகைத் தடவவேண்டும், இன்னொருத்தி "அவளைப் பேச விடாதீங்க" என்று வருகிறவர்களைத் தடுக்கவேண்டும். பார்க்க ஆளில்லாத பயத்துக்கு இங்கே செல்லுபடி கிடையாது. அதோடு, ஒரு வீட்டில் ஒருத்திதான் விழலாம். மீதிப் பேர் தாங்கவேண்டும். யார் விழுவது, யார் தாங்குவது என்பது புகை வந்த பிறகு தீர்மானமாவதில்லை. யார் முதலில் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தது என்பதிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

சின்னவளைப் பார்க்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். உறவு, அக்கம்பக்கம், லாண்டரி, உறவின் அக்கம்பக்கம். அத்தனை பேருக்கும் டீ போட்டது யார் என்று சொல்லவேண்டியதில்லை. டம்ளரை வாங்கிக்கொண்டே கேட்பார்கள்: "நீ நல்லாத்தானே இருக்கே?" பதிலையும் சேர்த்தே கொண்டுவந்துவிடும் விசாரிப்பு. அவள் வாயைத் திறப்பதற்குள் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்ற பேச்சு வந்துவிடும்.

"பாவம், பூ மாதிரி பொண்ணு. இதையெல்லாம் தாங்குமா?" என்று ஒரு சித்தி சின்னவளின் கன்னத்தைத் தடவினாள்.

"அப்ப நான் என்ன, புளியமரமா?" என்று கல்லக்கா அடுப்படியிலிருந்து கேட்டாள்.

எல்லாரும் சிரித்தார்கள். "பாருங்க, இவளுக்கு எவ்வளவு தெம்பு!" என்று மாமியார் பெருமைப்பட்டாள். "நல்லவேளை நீ இருந்தே தாயி. நீயும் படுத்திருந்தா இந்த வீடு என்ன ஆகியிருக்கும்?"

கூடத்தில் ஓடிய மின்விசிறி சின்னவள் அறைக்குப் போனது. நல்ல தலையணையும் கூடவே போனது. கொழுந்தன், கல்யாணமான நாளிலிருந்து சீப்பு எந்தப் பக்கம் என்று தெரியாதவன், பெண்டாட்டிக்குத் தலைவாரி விட்டான். அதைக் கதவிடுக்கில் பார்த்த அன்று கல்லக்காவுக்கு இருமல் வந்தது. புகை இன்னும் மிச்சமிருக்கிறது போல என்று நினைத்து வெந்நீர் குடித்தாளாம். போகவில்லை.

இது வீட்டோடு போயிருந்தால் நான் எழுத வந்திருக்கமாட்டேன். தலைமை அலுவலகம், பாதிக்கப்பட்ட தொழிலாளிக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை கொடுக்கலாம் என்று இரக்கப்பட்டது. இரக்கம் ஒரு நாற்காலி அளவுக்கு வந்தது. துணிமூட்டைகளுக்கு டோக்கன் கொடுக்கும் மேசை, அதற்கு ஒரே ஒரு நாற்காலி. சின்னவள் அதில் உட்கார்ந்தாள். மேனேஜர் நேரில் வந்து பார்த்து நிரந்தரமாக்குவார் என்று சொன்னார்கள்.

அந்த நாற்காலியின் மேல் கல்லக்காவுக்குக் கண் இருந்தது. வெறும் ஆசையில்லை, அவசியம். அவள் கை மக்கர் பண்ண ஆரம்பித்திருந்தது.

மடிப்பு வேலை எப்படியென்று சொல்லிவிடுகிறேன். இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு முனை பிடிக்கவேண்டும். உதறவேண்டும். நடந்து வந்து முனைகளைச் சேர்க்கவேண்டும். அப்போது வாங்குகிறவள் லேசாக ஒரு சுண்டு சுண்டுவாள். 'எனக்கு வந்துவிட்டது, நீ விடு' என்று அர்த்தம். கொடுக்கிறவள் விட்டுவிட்டுக் கீழ்விளிம்பைப் பிடிக்கக் குனிவாள். யாரும் யோசித்துச் செய்வதில்லை. மடிப்பவர்கள் பாதி நேரம் மாமியாரைத் திட்டிக்கொண்டேதான் மடிப்பார்கள்.

புகைக்குப் பிறகு வேலைக்குத் திரும்பிய கல்லக்காவின் கை, சுண்டினால் விடவில்லை. எதிரே நிற்பவள் சுண்டுவாள், கல்லக்காவின் விரல்கள் இன்னும் இறுக்கிப் பிடிக்கும். அவள் எதிர்முனையில் நின்றவள், வாயாடி என்று வரிசை முழுக்கப் பெயரெடுத்தவள்.

"விடுக்கா! என்ன, பட்டா போட்டு வாங்கினியா?"

"விடுறேன்டி, இரு."

"ஓரகத்தி மேல இருக்கிற காண்டை ஏன்க்கா என்கிட்ட காட்டுறே? நாற்காலி அங்க இருக்கு, போய் அதை இழு!"

வரிசை முழுக்கச் சிரித்தது. எரிச்சலில் பிடிவாதம் பிடிக்கிறாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் கல்லக்காவும் அப்படித்தான் நினைத்தாள். பொறாமை வயிற்றிலிருந்து கைக்கு இறங்கிவிட்டது என்பது அவள் கண்டுபிடிப்பு. அவளோடு ஜோடி சேர ஒவ்வொருத்தியாக மறுத்தார்கள். "இப்படியே போனா ஈரப்பக்கம்தான் அனுப்பணும்" என்று சூப்பர்வைசர் வருத்தத்தோடு மிரட்டினார். ஈரப்பக்கம் என்றால் சொட்டச்சொட்ட மூட்டை தூக்கும் இடம். அங்கே போனவர்களின் இடுப்பு திரும்பி வந்ததில்லை.

இடையில் ஒரு மனநல ஆலோசகர் வந்தார். நல்ல மனுஷன், மெதுவான குரல். சின்னவளோடு நெடுநேரம் பேசினார். அவள் அழுதாள், அவர் தலையாட்டினார், இருவருக்கும் திருப்தி. பிறகு கல்லக்காவைக் கூப்பிட்டார்.

"கெட்ட கனவு வருதா மேடம்?"

"தூங்கினாத்தானே சார் வரும்? அவ ராத்திரி முனகுவா, நான் எழுந்து தண்ணி குடுக்கணும்."

அவர் ஒரு அட்டையை நீட்டினார். அதில் வரிசையாக முகங்கள்: அழும் முகம், முறைக்கும் முகம், நடுங்கும் முகம். "இதுல உங்க மனசு எந்த மாதிரி இருக்குன்னு காட்டுங்க."

அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல கை போட்ட படம் இல்லையா சார்?"

"கையா?"

"கைதான் சார் விடமாட்டேங்குது."

அவர் அக்கறையோடு எலும்பு டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார். எலும்பு டாக்டர் படமெடுத்துப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்கும்மா!" என்று பாராட்டி அனுப்பினார்.

"அந்த அட்டைக்காரர் மேல தப்பில்லை சார்" என்றாள் கல்லக்கா என்னிடம். "வேற ஏதாவது இருக்கான்னு ரெண்டு தடவை கேட்டாரு. இன்னொரு தடவை கேட்டிருந்தா பொறாமையா இருக்குன்னு சொல்லியிருப்பேன். அதுக்கும் அந்த அட்டையில மூஞ்சி இல்லை."

மேனேஜர் வரும் நாள் நெருங்கியது. கல்லக்கா ஒரு முடிவுக்கு வந்தாள். விழுந்தால்தான் நாற்காலி என்றால் விழுந்துவிடுவது. அவள் புருஷன் பஸ் கண்டக்டர். ஒருநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர், பெண்டாட்டி கட்டில்மேல் தொப் தொப்பென்று சாய்ந்து எழுந்துகொண்டிருப்பதைப் பார்த்தார்.

"என்ன பண்றே?"

"விழுறேன்."

"எதுக்கு?"

"பழகிக்கிறேன்ங்க. மேனேஜர் வர்றாரு."

கண்டக்டர் பையைக் கழற்றி வைத்துவிட்டுத் தொழில்முறையில் கவனித்தார். "கையை ஏன் முன்னாடி ஊனுறே? மயங்குறவ கையை ஊன மாட்டா. எங்க பஸ்ல எத்தனை பேர் விழுந்து பாத்திருக்கேன். முதல்ல முட்டி மடங்கும், அப்புறம் பக்கவாட்டுல சாயும்."

"இப்படியா?"

"கண்ணை மூடு. திறந்துக்கிட்டே விழறியே, திருடி மாதிரி."

கண்ணை மூடிக்கொண்டு விழுந்தாள். "ம், இது தேவலை" என்றார். பிறகு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, "எதுக்கும் ரொம்ப நல்லா விழுந்துடாதே. நீயும் படுத்துட்டா அம்மாவை யார் பாக்குறது?" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். கேட்கவேண்டிய ஒரே கேள்வியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, டீ ஆயிற்றா என்றும் கேட்டார்.

மேனேஜர் வந்தார். வெள்ளைச் சட்டை, பளபளப்பான ஷூ. ஈரத்தரையில் அடிமேல் அடி வைத்து நடந்தார். கல்லக்கா காலையிலேயே இடம் பார்த்து வைத்திருந்தாள்: தரை காய்ந்த இடம், பக்கத்தில் மடித்த போர்வை அடுக்கு, நாற்காலிக்கு நேர் எதிர். வாயாடியைக் கெஞ்சி ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தாள்.

மேனேஜர் மடிப்பு வரிசைக்குள் நுழைந்தார். வாயாடி சுண்டினாள். கை விடவில்லை.

"விடுக்கா, பெரிய ஐயா பாக்குறாரு!" என்று வாயாடி பல்லைக் கடித்தாள்.

இதுதான் சமயம் என்று கல்லக்கா கண்ணை மூடினாள். முட்டியைத் தளர்த்தினாள். அவள் சொல்வதை அப்படியே தருகிறேன்: "தளர்த்தினேன் சார், ஆனா அதுக்கு மேல நான் பண்ணலை. தானா போச்சு. தரை எங்கயோ கீழ போச்சு. அப்பா, நிஜமாவே வருதுன்னு நினைச்சேன். சந்தோஷமா இருந்திச்சு."

அந்த நேரம் பார்த்து நீராவிக் குழாய் 'உஸ்ஸ்ஸ்' என்று மூச்சு விட்டது. தினமும் விடுகிற மூச்சுதான். தொடர்ந்து நாற்காலி உருளும் சத்தம். கல்லக்கா கண்ணைத் திறந்தாள். டோக்கன் மேசைக்குப் பின்னால் சின்னவள் தரையில் கிடந்தாள்.

கல்லக்காவின் முட்டி நிமிர்ந்தது. ஓடினாள். விரிப்பை விடவில்லை. விரிப்போடு ஓடினாள். மறுமுனையில் வாயாடி நாலடி இழுபட்டு, போர்வை அடுக்கின்மேல் போய் விழுந்து, வாழ்நாளில் முதல்முறையாகப் பேச்சற்றுப் போனாள். கல்லக்கா தரையில் உட்கார்ந்து சின்னவள் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள். "தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்! யாராவது அந்தக் குழாயை அடைங்க! தண்ணி எங்கே?" என்று அவள் போட்ட சத்தத்தில் மேனேஜரும் நாலடி தள்ளி நின்றார்.

சின்னவள் கண் விழித்ததும் மேனேஜர் கைதட்டினார். "இந்தம்மாதான் அன்னைக்கும் காப்பாத்தினவங்களா? இப்படி நெஞ்சுரம் உள்ளவங்கதான் நமக்கு வேணும்!"

நாற்காலி சின்னவளுக்கு அந்த இடத்திலேயே நிரந்தரமானது. அதில் இனி யாருக்கும் சந்தேகமில்லை, எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். கல்லக்காவை ஈரப்பக்கம் அனுப்பும் பேச்சும் நின்றது. வீராங்கனையை மூட்டை தூக்கச் சொல்லமுடியுமா? பாதுகாப்புப் பொறுப்பாளர் என்று புதிதாக ஒரு பதவி உண்டாக்கி, கையில் ஒரு சிவப்புப் பட்டையும் கழுத்தில் ஒரு ஊதலும் மாட்டினார்கள். பணியிடம், துணி காயவைக்கும் அறையின் வாசல். அதே அறை. நின்றுகொண்டே பார்க்கவேண்டும். ஆபத்து வந்தால் ஊதவேண்டும். எல்லாரும் வெளியேறிய பிறகு கடைசியாக அவள் வெளியேறவேண்டும்.

"வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"எப்படி சார் சொல்றது? பயமா இருக்கான்னு கேட்டா?"

அன்று வேலை முடிந்து ஓரகத்திகள் இருவரும் ஒன்றாக வீட்டுக்கு நடந்தார்கள். கல்லக்கா வேண்டுமென்றே வேகமாக நடந்தாள். சின்னவள் மூச்சிரைக்கப் பின்னால் வந்தாள்.

"நிஜமாத்தான்க்கா விழுந்தேன். அந்த உஸ் சத்தம் கேட்டதும் காது அடைச்சுக்கிச்சு."

"தெரியும்."

"நீயும் விழப் போனே. பாத்தேன்."

கல்லக்கா நின்றாள். "பாத்தியா?"

"முட்டி மடங்கிச்சு. முகம் வெளுத்துச்சு. நாற்காலியில உக்காந்தவளுக்கு வேற என்னக்கா வேலை? எல்லாத்தையும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்."

"பாத்துட்டுமா முந்திக்கிட்டே?"

"முந்தணும்னு முந்தினேனா?" சின்னவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "உனக்கு என் நாற்காலி மேல பொறாமை, ஊருக்கே தெரியும். எனக்கு உன் மேல இருக்கிறது யாருக்குத் தெரியும்? உன் கையில விரிப்பைக் குடுத்தாங்க. என் கையில டோக்கனைக் குடுத்தாங்க. முந்தாநாள் மூட்டை எடை போடுறவரு ஒரு ஜோக் சொன்னாரு, சிரிச்சுட்டேன். உடனே 'என்ன, தேவலையாயிடுச்சா?'ங்கறாங்க. வாயைப் பொத்திக்கிட்டேன். நீ சிரிக்கலாம், திட்டலாம், புளியமரமான்னு கேக்கலாம். நான் எப்பப் பாரு பயந்துக்கிட்டே இருக்கணும். கொஞ்சம் மறந்தாலும் நடிச்சேன்னு சொல்லிடுவாங்க."

இது கல்லக்காவுக்குப் புதுச் செய்தி. தன்மேல் ஒருத்தி பொறாமைப்படுகிறாள் என்பதில் அவளுக்கு ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தே போனதாம். அதையும் அவளேதான் சொன்னாள்.

"அப்ப மாத்திக்கலாமா?"

"மாத்த விடுவாங்களாக்கா?"

தெருமுனை திரும்பினார்கள். பிறகு சின்னவள் கல்லக்காவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு ஒண்ணு பாக்கிக்கா. ஒரு மயக்கம். அடுத்த தடவை என்ன சத்தம் கேட்டாலும் நான் விழமாட்டேன், பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பேன். நீ விழு. நான் பிடிச்சுக்கறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

போன வாரம் லாண்டரிப் பக்கம் போயிருந்தேன். கல்லக்கா அந்த வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அறைக்கு முதுகைக் காட்டித்தான் நிற்கிறாள். கை அப்படியேதான் இருக்கிறது. ஊதலை ஊதிப் பார்த்துவிட்டுக் கீழே விடுவதற்கு நேரமாகிறது. பாக்கியை வாங்கியாயிற்றா என்று கேட்டேன்.

"எங்க சார்! அவ தயாராத்தான் இருக்கா. எனக்குத்தான் விழ நேரமில்லை. மாமியாருக்கு முட்டி வலி, பையனுக்குப் பரீட்சை, கொழுந்தன் வேற வண்டியை எதுலயோ மோதிட்டு வந்திருக்கான். எல்லாம் ஓயட்டும்னு பாக்குறேன்." குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அதோட, அவ ஒல்லி சார். நான் விழுந்தா தாங்குவாளான்னு கொஞ்சம் பயமா இருக்கு."

டோக்கன் மேசைக்குப் பின்னாலிருந்து சின்னவள் எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, இன்னைக்கு வேணுமா?"

கல்லக்கா தரையைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள்.

"நாளைக்குப் பாக்கலாம்டி."